இடது கைக் கேமரா

என் வலது கையை நசுக்கியது ஷட்டர்தான். இதைச் சொன்னால் பாதிப் பேர் சிரித்துவிடுகிறார்கள். "போட்டோ எடுக்கற அம்மாவை ஷட்டரே கடிச்சிருச்சா?" என்று கேட்கிறார்கள். கேமராவின் ஷட்டர் இல்லை ஐயா, கடையின் ஷட்டர். மேலே சுருண்டு கிடந்து, இழுத்தால் தடதடவென்று இறங்குமே, அந்த இரும்புக் கதவு. மதியச் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்தும்போது லென்ஸ் மூடி ஒன்று நிலைப்படியில் உருண்டது. எடுக்கக் கையை நீட்டினேன். அண்ணன் எதிர்க்கடைக்காரரோடு பேசிக்கொண்டே இழுத்தான். அவ்வளவுதான் கதை.

மற்ற மூன்று விரல்களுக்கு அடி குறைவு; கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டு மட்டும் தப்பித்தன. ஆனால் மடங்காது, எதையும் பிடிக்காது, சூடு குளிர் தெரியாது. "கை மிஞ்சினதே பெரிய விஷயம்மா" என்றார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. அதில் இருபத்திரண்டு வருஷம் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான்.

ஸ்டுடியோ எங்கள் இரண்டு பேருக்கும் பொது. அண்ணனுக்கு இருட்டறை, எனக்கு வெளி வேலை. ஃபிலிமைக் கழுவி, பிரிண்ட் போட்டு, காயவைப்பது அவன். ஊரெல்லாம் சுற்றி எடுத்து வருவது நான். யாராவது வாடிக்கையாளர் தயங்கி, "கஷ்டமான வேலையாச்சே, முடியுமா?" என்று கேட்டால் அண்ணன் ஒரு வசனம் வைத்திருந்தான். "என் தங்கச்சி இதையெல்லாம் இடது கையாலேயே எடுத்துத் தள்ளிடுவா சார்!" கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போன வசனம் அது. விபத்துக்குப் பிறகு அவன் அதைச் சொல்லவே இல்லை. அதை மட்டுமா? எங்கள் வீட்டில் 'இடது கை' என்ற சொல்லே காணாமல் போய்விட்டது. யாராவது கடைக்கு வழி கேட்டால்கூட, "கொஞ்ச தூரம் போய் அந்தப் பக்கம் திரும்புங்க" என்று கையைக் காட்டுவான். கேட்டவர் பாவம், எந்தப் பக்கம் என்று முழிப்பார்.

என்னைப் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற வேலையில் உட்கார வைத்தான் அண்ணன். கேமரா ஸ்டாண்டில் நிற்கும். அதிலிருந்து ஒரு கேபிள் தொங்கும். அதன் நுனியை இடது கையால் அமுக்க வேண்டும். "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, இங்க பாருங்க," டிக். இதற்கு நான் எதற்கு? கதவு மணி அடிக்கத் தெரிந்தவர் யாராயிருந்தாலும் போதுமே! கையில் கேமராவோடு மனிதர்களுக்கு நடுவே நடக்க வேண்டும், குனிய வேண்டும், சட்டென்று திரும்ப வேண்டும். எனக்குத் தெரிந்த தொழில் அதுதான். அதற்கு உலகத்தில் ஒரு கேமராவும் எனக்கு இடம் கொடுக்கவில்லை. எந்தக் கேமராவை எடுத்தாலும் அமுக்குகிற பொத்தான் வலது பக்கம், ஃபிலிம் சுற்றுகிற கைப்பிடியும் வலது பக்கம். ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கூடப் பார்த்தேன். இடது கட்டை விரலால் அமுக்க முடிந்தது. அடுத்த படத்துக்குச் சுற்றப் போனபோது கேமரா கையை விட்டு நழுவி மடியில் விழுந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு, எதிரே பாஸ்போர்ட் படத்துக்காக உட்கார்ந்திருந்தவர் எழுந்தே போய்விட்டார்.

வெளி வேலைக்கு அண்ணன் வேறொருவரை ஏற்பாடு செய்தான். ஐம்பது வயது, நல்ல உடம்பு, நல்ல மனசு. ஆனால் பட்டப்பகலில் வெட்டவெளியில் எடுத்தாலும் ஃப்ளாஷ் போடாமல் எடுக்கமாட்டார். ஃப்ளாஷ்காரர் என்றே பெயர் ஆகிவிட்டது. அவர் எடுத்த படங்களில் எல்லோரும் திருடும்போது பிடிபட்டவர்கள் மாதிரி முழித்துக்கொண்டு நிற்பார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஒரு நாள் அண்ணன் கல்லாவில் குனிந்தபடி, என் முகத்தைப் பார்க்காமல், "இந்த வருஷம் பிஸ்கட் ஆலைக்கு ஃப்ளாஷ்காரரை அனுப்பறேன் பாப்பா" என்றான். பிஸ்கட் ஆலையின் ஆண்டு மலருக்குப் பதினொரு வருஷமாகப் படம் எடுத்தவள் நான். அங்கே ஒவ்வொருவரும் எந்த இயந்திரத்தில் நிற்பார்கள், யாருக்கு எந்தப் பக்கத்து முகம் அழகு என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அது போய்விட்டால் மிச்சம் அந்தக் கேபிள்தான், சாகும் வரைக்கும். மலருக்குப் படம் எடுக்கும் நாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அந்த வாரம்தான் பல் டாக்டர் வந்தார். பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர், படம் எடுத்து முடிந்ததும் பையிலிருந்து ஒரு துண்டுச் சுருட்டலை எடுத்து மேசையில் வைத்தார். "இதைக் கொஞ்சம் துடைச்சுக் குடுங்க. கிளினிக்ல முப்பது வருஷம் உழைச்சுது. இப்ப எனக்குப் புது கேமரா வந்தாச்சு."

துண்டைப் பிரித்தேன். நடுவில் அகன்று இரண்டு ஓரமும் ஒடுங்கிய, கனமான உலோக உடம்பு. முகப்பில் எக்ஸாக்டா என்று செதுக்கியிருந்தது. விபத்துக்குப் பிறகு எதையும் இடது கையால் எடுப்பதே பழக்கமாகிவிட்டதால் இடது கையால் தூக்கினேன். என் ஆள்காட்டி விரல் தானாக ஒரு பொத்தானின் மேல் போய் உட்கார்ந்தது. கட்டை விரல் ஒரு கைப்பிடியில் போய் நின்றது. எனக்கு முதலில் விளங்கவில்லை. கைப்பிடியைத் தள்ளினேன்; நீளமாக, முக்கால் வட்டத்துக்கு மேல் சுற்றி வந்தது. பொத்தானை அமுக்கினேன். உள்ளே துணி ஷட்டர் சரக்கென்று ஓடியது.

"டாக்டர்," என்றேன், "இது எல்லாமே இடது பக்கம் இருக்கு."

"ஆமா, பீச்சாங்கைக் கேமரா. அதனாலதான் வாங்கினேன். வலது கையில பல்லுக்குப் பின்னால கண்ணாடியைப் பிடிச்சுக்குவேன், இடது கையால அமுக்குவேன். வாய்க்குள்ள படம் எடுக்க இதைவிட வசதி கிடையாது. மத்தவங்க எல்லாம் இதைப் பாத்தா திட்டுவாங்க."

நான் மறுபடி சுற்றினேன், அமுக்கினேன். மறுபடி சுற்றினேன். பல் டாக்டர் என் வலது கையைப் பார்த்தார், இடது கையைப் பார்த்தார். பல்லைப் பார்ப்பவர்களுக்கு எதையும் உற்றுப் பார்க்கிற பழக்கம் போலிருக்கிறது.

"துடைக்க வேண்டாம்," என்றார். "நீங்களே வச்சுக்குங்க. யாருக்காவது குடுக்கலாம்னு ஒரு வருஷமாப் பாக்கறேன், தெரிஞ்சவங்க எல்லாம் வலது கைக்காரங்க." கூடவே வந்த விளக்கப் புத்தகத்தையும், கேமராக்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றையும் மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

அடுத்த மூன்று வாரமும் நான் பாஸ்போர்ட் எடுக்காத நேரமெல்லாம் அதோடுதான் இருந்தேன். படிக்கப் படிக்க எனக்கு அதன்மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. சினிமா ஃபிலிம் அளவுள்ள சின்னச் சுருளைக் கையடக்கக் கேமராவில் போட்டு, படம் எடுக்கிறவனைத் தெருவில் இறக்கிவிட்டது லைக்கா என்ற கேமரா. அதுவும் இதைப் போலவே ஜெர்மன்காரர்கள் செய்ததுதான். ஆனால் அதில் கண் பார்ப்பது ஒரு சின்ன ஜன்னல் வழியே, ஃபிலிம் பார்ப்பது லென்ஸ் வழியே. கிட்டே போகப் போக இரண்டும் ஒத்துப்போகாது. லென்ஸ் காண்பதையே கண்ணும் காணும்படி உள்ளே ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைக்கும் யோசனை பெரிய பெட்டிக் கேமராக்களில் முன்பே இருந்தது. அதை அந்தச் சின்ன ஃபிலிம் கேமராவுக்குள் அடக்கி, 1936-ல் கடைக்கு அனுப்பினார்கள் ட்ரெஸ்டன் நகரத்து எக்ஸாக்டாக்காரர்கள். அதுதான் முதல் என்று சிலர், இல்லை, ரஷ்யாவில் முன்பே செய்தார்கள் என்று சிலர். அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. முதல் வரிசையில் அதற்கு ஒரு நாற்காலி உண்டு, அது போதும். பிறகு வந்த எத்தனையோ கேமராக்கள் அந்தக் கண்ணாடியைத்தான் உள்ளே வைத்துக்கொண்டு பெயர் வாங்கின.

போரில் குண்டு விழுந்து அந்தத் தொழிற்சாலை அழிந்தது. அழிந்த பிறகும் எழுந்து வந்து செய்தார்கள். என் கையில் இருந்தது ஐம்பதுகளில் செய்தது. ஒரு படத்துக்குப் பன்னிரண்டு வினாடி வரை தானே எண்ணித் தானே மூடும். பல் முதல் நட்சத்திரம் வரை எதை எடுக்கவும் அதற்கு உதிரிச் சாமான் உண்டு. அடியில் ஒரு திருகு இருக்கிறது. அதைக் கழற்றி இழுத்தால் உள்ளே ஒரு சின்னக் கத்தி ஃபிலிமை வெட்டும். எடுத்த வரைக்கும் வெட்டிக் கழுவிக்கொள்ளலாம், மிச்சத்தை அப்புறம் எடுக்கலாம். கேமராவுக்குள் கத்தி வைக்க வேண்டும் என்று யோசித்தானே ஒருவன், அவன் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று இருந்தது எனக்கு.

இடது பக்கம் எதற்கு? யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. பின்னால் வந்த உலகம் எல்லாவற்றையும் வலது பக்கம் மாற்றிவிட்டது. இவர்கள் கடைசி வரை மாற்றவில்லை. என்னைப் போலவே பிடிவாதம்.

எனக்கு வேண்டாத குணமும் அதில் உண்டு. அமுக்கியதும் கண்ணாடி மேலே போய் அங்கேயே நின்றுவிடும். கண்ணுக்கு எல்லாம் கறுத்துப்போகும். மறுபடி சுற்றினால்தான் காட்சி திரும்பும். பல் டாக்டர் கொடுத்ததில் கண்ணில் ஒட்டிவைத்துப் பார்க்கும் மேல்பகுதி இல்லை. மூடியைத் திறந்து, மேலேயிருந்து குனிந்து பார்க்கிற கண்ணாடிதான் இருந்தது. அதனால் கேமராவை நெஞ்சுக்குக் கீழே பிடிக்க வேண்டும். அதுவும் எனக்கு நல்லதாகப் போயிற்று. வலது உள்ளங்கை தட்டு மாதிரி அடியில் ஏந்திக்கொண்டது. மிச்சமிருந்த மூன்று விரல்களும் லென்ஸ் வளையத்தைத் தள்ளக் கற்றுக்கொண்டன.

ஆலைக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது அண்ணனிடம் சொன்னேன். "நான்தான் போறேன்."

அவன் கேமராவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "வேணாம் பாப்பா. கை ஆடிருச்சுன்னா ஒரு படமும் தேறாது. நம்ம பேர் கெட்டுடும்."

"பேரா? பதினோரு வருஷமா அந்தப் பேரைச் சம்பாதிச்சது யாரு?"

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லதை நீ கிலோக் கணக்குல வச்சுக்க! எனக்கு வேலை வேணும்."

அண்ணி சமையலறையிலிருந்து, "ரெண்டு பேரும் கத்தறதுல பக்கத்து வீட்டுக் குழந்தை முழிச்சிருச்சு" என்றாள். அப்புறம் வெளியே வந்து அண்ணனிடம் மெதுவாக, "பாதி ரோல் குடுங்களேன், என்ன குறைஞ்சுபோகும்?" என்றாள்.

பாதி ரோல் என்று அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. மலர் கறுப்பு வெள்ளையில்தான் அச்சாகும். எல்லோரும் கலருக்குப் போய்விட்டதால் கறுப்பு வெள்ளை ஃபிலிம் கடையில் ஒரே ஒரு ரோல்தான் இருந்தது, முப்பத்தாறு படம். ஆலையில் ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடிந்துவிடும். அச்சகத்துக்கு அன்று மாலையே படம் போயாக வேண்டும். நான் அடியிலிருந்த திருகைக் காட்டினேன். "நான் பாதி எடுக்கறேன். வெட்டித் தர்றேன். நீ அங்கேயே கழுவிப் பாரு. ஆடியிருந்தா மிச்சத்தை ஃப்ளாஷ்காரர் எடுக்கட்டும். அப்புறம் நான் கேமரா பக்கமே வரலை. கேபிளைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துக்கறேன்."

அண்ணன் அந்தத் திருகையே பார்த்தான். பிறகு இருட்டுப் பையையும் கழுவுகிற டப்பாவையும் மருந்துப் புட்டிகளையும் ஒரு கூடையில் எடுத்து வைத்தான்.

ஆலைக்குப் பத்தரைக்குப் போனோம். வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து வேகும் வாசனை வாசலிலேயே ஆளை இழுத்தது. மேனேஜர் என் கையைப் பார்த்துவிட்டு அண்ணனைத் தனியே கூப்பிட்டு ஏதோ கேட்டார். அண்ணன் தலையைச் சொறிந்தான். "முதல்ல இவங்க கொஞ்சம், அப்புறம் அவர் கொஞ்சம் சார்" என்றான். ஃப்ளாஷ்காரர் ஒரு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்த மனிதருக்கும் சங்கடம்தான்.

முதலில் கூட்டப் படம். சரக்கு ஏற்றும் படிகளில் முப்பத்திரண்டு பேர், தலையில் வெள்ளைத் தொப்பியோடு மூன்று வரிசை. நடுவில் அடுப்புக்காரம்மா. பெரிய அடுப்பைப் பார்த்துக்கொள்பவர். ஆலையில் மேனேஜருக்கு அடுத்தபடி அவர் சொல்வதுதான் சட்டம். "எங்கம்மா போனே இத்தனை நாளா? கேமரா என்ன இவ்வளவு கிழடா இருக்கு?" என்றார்.

எனக்குக் கை நடுங்கியது. நடுங்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான், மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று படம் அமுக்கினேன். மூன்றும் சரியில்லை என்று அமுக்கும்போதே தெரிந்தது. போதாக்குறைக்கு, கண்ணாடியில் இடது ஓரத்தில் நின்ற நாலு பேர் பாதி பாதியாக வெட்டுப்பட்டார்கள்.

"அந்த ஓரத்துல நிக்கறவங்க இடது பக்கம் நகருங்க" என்றேன்.

நகர்ந்தார்கள். கண்ணாடியை விட்டே வெளியே போய்விட்டார்கள்.

"இல்லைங்க, இடது பக்கம்! இன்னும் கொஞ்சம்!"

இன்னும் கொஞ்சம் நகர்ந்தார்கள். கடைசியில் நின்ற ஒல்லி மனிதர் படியை விட்டு இறங்கி, அட்டைப்பெட்டி அடுக்கில் போய் முட்டிக்கொண்டார்.

"ஏம்மா, அவனை வீட்டுக்கே அனுப்பிடலாம்னு பாக்கறியா?" என்றார் அடுப்புக்காரம்மா.

எனக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம் எனக்கு ஒன்று உண்டு. எதிரே நிற்கிறவர்களின் வலது எனக்கு இடது. அதனால் எதையும் மனசுக்குள் ஒரு தரம் புரட்டிப்போட்டுத்தான் சொல்வேன். யோசிக்காமலே வாயில் வரும். ஆனால் இந்தக் கேமராவில் குனிந்து பார்க்கும் கண்ணாடி ஏற்கெனவே இடம் வலமாகப் புரட்டித்தான் காட்டுகிறது. அது புரட்டியதை நானும் புரட்டினால்? மூன்று வாரம் வீட்டில் அலமாரியையும் ஜன்னலையும் பார்த்துப் பழகினேனே தவிர, அலமாரியை யாரும் நகரச் சொல்வதில்லையே! இதில் தெரிகிற இடதுதான் எதிரே நிற்கிறவர்களுக்கும் இடது. புரட்டவே வேண்டாம். நான் பார்க்கிற பக்கமும் அவர்கள் நிற்கிற பக்கமும் ஒன்று.

"மன்னிச்சுக்குங்க," என்று கத்தினேன், "நான் சொன்னது அத்தனையும் தப்பு! வலது பக்கம் வாங்க. உங்க வலது. எனக்கும் அதுதான் வலது!"

ஒல்லி மனிதர் பெட்டி அடுக்குக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி, "நிச்சயமாத்தானே?" என்று கேட்டார். அவ்வளவுதான். முப்பத்திரண்டு பேரும் சிரித்தார்கள். அடுப்புக்காரம்மா தொப்பி நழுவச் சிரித்தார். மேனேஜர்கூடக் கடிகாரத்தை மறந்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் தோள் இறங்கியது, மூச்சு இறங்கியது. விரல் தன் பாட்டுக்கு அமுக்கியது. கறுத்தது. கட்டை விரல் சுற்றியது. வெளிச்சம் திரும்பியது. மறுபடி அமுக்கினேன்.

அதற்குப் பிறகு எனக்கு அண்ணன் நினைவே இல்லை. உள்ளே போனேன். பெல்ட்டுகளுக்கு நடுவே ஒரு ஆள் மட்டும் நடக்கிற சந்துகள், ஸ்டாண்டுக்கு அங்கே இடமே கிடையாது. உடைந்த பிஸ்கட்டைப் பொறுக்கும் விரல்கள், அடுப்பின் வாயில் குனிந்த முகம், பெட்டி ஒட்டுகிறவரின் நெற்றி வியர்வை. கேமரா நெஞ்சுக்குக் கீழே இருந்ததால் யாரும் விறைக்கவில்லை. நான் ஏதோ தொலைத்துவிட்டுக் குனிந்து தேடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். பதினைந்து படம் ஆனதும் நின்றேன். அடித் திருகைக் கழற்றி இழுத்தேன். உள்ளே நறுக்கென்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

தரம் பார்க்கும் அறையில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. மேசைமேல் அண்ணன் இருட்டுப் பையை விரித்தான். கறுப்புத் துணிப் பை. கைகளை நுழைக்க இரண்டு சட்டைக் கை மாதிரி இருக்கும், வெளிச்சம் புகாது. கேமராவையும் டப்பாவையும் உள்ளே வைத்து மூடி, இரண்டு கையையும் விட்டான். கண்ணை மூடிக்கொண்டு துழாவினான். நேரம் போனது. நெற்றியில் வியர்த்தது.

"பூட்டு எங்க இருக்கு? திறக்க மாட்டேங்குது."

"இழுத்துத் திருகணும். இல்லை, அது இல்லை! உடைச்சிடாதே!"

"எனக்கென்ன தெரியும்? நான் இதைத் தொட்டதே இல்லையே!"

"உன்னை யாரு தொட வேணாம்னு சொன்னா? இடது கையை வெளிய எடு. நான் வர்றேன்."

அவன் எடுத்தான். அவன் பக்கத்தில் நெருங்கி நின்று, அந்தத் துணிக் கைக்குள் என் இடது கையை விட்டேன். ஒரு பையில் என் இடது, அவன் வலது. பூட்டு என் விரலுக்குத் தெரிந்த இடம். ஒரே திருகலில் திறந்தது. சுருளை எடுத்து அவன் விரலில் கொடுத்தேன். டப்பாவின் சுருள் சக்கரத்தில் ஃபிலிமை ஏற்ற வேண்டும். ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் சுற்ற வேண்டும். நான் பிடித்தேன், அவன் சுற்றினான். ஃப்ளாஷ்காரர் தேவையே இல்லாமல் ஜன்னலை மறைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

பைக்குள் அண்ணனின் கை தடுமாறிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷம் இருட்டிலேயே வேலை செய்தவன் கை அது. இருட்டில் அது தடுமாறி நான் பார்த்ததில்லை.

"அன்னிக்கு நான் பாக்கலை பாப்பா," என்றான். கண் இன்னும் மூடித்தான் இருந்தது. "எதிர்க்கடைக்காரர்கிட்ட என்னமோ பேசிக்கிட்டே இழுத்துட்டேன். ஒரு தடவை கீழ பாத்திருக்கலாம். பாக்கலை. நீ கேமராவை எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சத்தம்தான் கேக்குது. அதான் உன்னைப் போக வேணாம்னேன்."

ஒன்பது மாதம். ஒன்பது மாதமாக அவன் என்னை வேண்டாத சாமான் மாதிரி மூலையில் வைத்திருக்கிறான் என்று நினைத்துக் கொதித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம்தான் என் வாய்க்கு முதலில் வரும்.

"இதைச் சொல்ல உனக்கு ஒரு இருட்டுப் பை வேண்டியிருந்துதா? நேரா சுத்து, ஃபிலிம் கோணலாப் போகுது."

"கோணலாப் போகலை."

"போகுது. என் விரல்ல தெரியுது."

பிரித்துத் திரும்பச் சுற்றினான். டப்பாவை மூடினோம். மிச்ச ஃபிலிமின் நுனியைக் கேமராவில் கோத்து, பின்கதவைப் பூட்டினோம். கையை வெளியே எடுத்தபோது இரண்டு பேருக்கும் விரல் நனைந்திருந்தது.

மருந்து ஊற்றி, ஆட்டி, கொட்டி, அடுத்த மருந்து ஊற்றி, தண்ணீரில் அலசி முடிக்க அரை மணி ஆயிற்று. மேனேஜர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். மணி ஒன்று. அண்ணன் ஈர ஃபிலிமை வெளியே உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்தான்.

"முதல் படம் ஆடியிருக்கு," என்றான்.

மேசைமேல் கிடந்த எக்ஸாக்டாவை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"ரெண்டாவதும் ஆடியிருக்கு." ஃபிலிமை நகர்த்தினான். "மூணாவதும்."

ஃப்ளாஷ்காரர் தம் பையைத் திறக்கவில்லை. அதற்காக அவரை நான் இன்றைக்கும் மறக்கமாட்டேன்.

அண்ணன் நான்காவதில் நின்றான். நின்றவன் நகரவில்லை. அந்த ஃபிலிமில் வெள்ளைத் தொப்பிகள் கறுப்பாகவும் கறுப்பு முடி வெள்ளையாகவும் இருக்கும். ஆனால் சிரிப்பு தலைகீழாகத் தெரிந்தாலும் சிரிப்புதான். அவன் அடுத்ததைப் பார்த்தான். அடுத்ததை. பதினைந்து வரைக்கும் போய்விட்டு, நான்காவதுக்கே திரும்பி வந்தான்.

"பெட்டி மேல எழுதியிருக்கறதைக்கூடப் படிக்க முடியுது," என்றான்.

ஃப்ளாஷ்காரர் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். "என் ஃப்ளாஷுக்கு இந்தச் சிரிப்பு வராதுங்க," என்றார். தம் கேமராப் பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

அப்போதுதான் மேனேஜர் மூன்றாம் முறையாக உள்ளே வந்தார். ஃபிலிமைப் பார்க்க அவருக்குத் தெரியாது. அண்ணன் முகத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "மாவு பிசையற இடம், கிடங்கு, லோடிங் எல்லாம் இன்னும் பாக்கி இருக்கு. ஒரு மணி நேரம்கூட இல்லை. கஷ்டமான வேலையாச்சே, இவங்களால முடியுமா?"

அண்ணன் ஃபிலிமைக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டான். கையைத் துடைத்தான். மேசைமேல் இருந்த எக்ஸாக்டாவை முதல் தடவையாகக் கையில் எடுத்தான். எடுத்து, என் இடது கையில் வைத்தான்.

"என் தங்கச்சி இதையெல்லாம் இடது கையாலேயே எடுத்துத் தள்ளிடுவா சார்," என்றான்.